கையில் ஒட்டிய பொய்

அத்தியாயம் 12

முரசுமோட்டைக்கு மருமகளாக வரும்வரை பிரியந்தினி பெரிதாகப் பொய் சொன்னவள் இல்லை. வந்த பிறகு சொன்னதும் ஒன்றே ஒன்றுதான். அது இப்போது மாமனாரின் இடது மேற்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மயில்வாகனத்தார் போன மாதம் வயல் வரம்பில் மயங்கி விழுந்ததும், மகன் லக்ஷன் அவரை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் நினைவிருக்கும். காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பிட நேரமில்லை என்று வயலுக்குப் போன மனிதர் அவர். சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட முள்ளிவாய்க்கால்காரி ஒருத்திக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. அவள்தான் பிரியந்தினியின் தாய் புனிதமலர்.

புனிதமலரின் தங்கை ஆன்சலா பிரான்சில் இருக்கிறாள். அவளுக்கும் சீனி வருத்தம். கையில் ஒட்டுகிற சிறிய வட்டம் ஒன்றை அங்கே அவளுக்குக் கொடுக்கிறார்கள். ஒட்டிவிட்டால் இரண்டு கிழமைக்கு இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று கைத்தொலைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விரலில் குத்துகிற வேலை இல்லை. தன் பெட்டியில் இருந்து இரண்டை எடுத்து, அதே வருத்தம் உள்ள அத்தான் மரியநேசனுக்கென்று ஆன்சலா அனுப்பிவைத்தாள். புனிதமலர் ஒன்றைப் புருசனுக்கு ஒட்டினாள். மற்றதை மகளின் கையில் கொடுத்து, "கொண்டுபோய்ச் சம்பந்திக்குப் போட்டுவிடு. மயங்கி விழுந்த மனிசன்" என்றாள்.

கொடுக்கிற மனம் இருந்தது. வாங்குகிற மனம்தான் இல்லை.

அவர்கள் கத்தோலிக்கர், இவர்கள் சைவர். கலியாணப் பேச்சில் மரியநேசன், "எங்கட பிள்ளை கோயில் மாறமாட்டாள்" என்று ஒரு சொல் சொன்னார். பொல்லாத சொல் ஒன்றும் இல்லை. சொன்ன விதம்தான் கடற்காற்று மாதிரிக் கொஞ்சம் உரத்து வந்துவிட்டது. மயில்வாகனத்தார் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். அந்த வீட்டுச் சாமான் ஒரு துரும்பும் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். மருமகளை மட்டும் வரவிட்டார். வந்தவளைப் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சம்பந்தியின் பெயர் மட்டும் அவர் வாயில் வருவதில்லை.

ஆகவே லக்ஷன் ஒரு வழி கண்டுபிடித்தான். "லண்டனிலை இருந்து செந்தூரன் மச்சான் அனுப்பினது எண்டு சொல்லுவம்." செந்தூரன் மயில்வாகனத்தாரின் தங்கை மகன். அவனும் சம்மதித்தான். மாமா போன் எடுத்து நன்றி சொன்னபோது கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான். அன்றுமுதல் ஊர் முழுக்க, "என்ர மருமோன் அனுப்பினவன்" என்று சேட்டுக் கையை மடித்து மடித்து வட்டத்தைக் காட்டித் திரிந்தார் மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். வயலில் அன்று நெல் வெட்டு. லக்ஷன் வவுனியாவில், வங்கி வேலையில். சனிக்கிழமைதான் வருவான்.

"பிள்ளை, இஞ்சை பார்" என்று போனை நீட்டினார். "அறுபத்தாறு. இறங்கிப் போச்சு. பனங்கட்டியைக் கொஞ்சம் பெரிய துண்டாத் தா."

"ஊசி போட்டனீங்களோ மாமா?"

"அறுபத்தாறிலை ஆரும் ஊசி போடுவினமோ? பிறகு வரம்பிலை கிடந்தால் ஆர் தூக்கிறது? இந்தக் கிழமை முழுக்க ஊசியே தேவைப்படேல்லை. செந்தூரன்ர சாமான் வந்த ராசி."

எத்தனையோ வருடமாக இனிப்பை மணந்து மட்டும் பார்த்த மனிதருக்கு, இனிப்புத் தின்னச் சொல்லி ஒரு மெசினே உத்தரவு கொடுத்தால் சந்தோசம் வராதா? பிரியந்தினி போத்தலைத் திறந்து பெரிய துண்டாகவே எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இரண்டு பெரிய போத்தல் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

"ராவு முழுக்க எழும்பி எழும்பி வெளியிலை போறார்" என்று குசினி அடுப்படியில் இருந்து அவர் மனைவி இலட்சுமி மாமி முறைப்பட்டார். "தண்ணி குடிக்கிறதும் போறதும்தான் வேலை."

"வெயில் மாமி" என்றாள் பிரியந்தினி.

வெட்டுக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருக்கும்போதுதான் ஆன்சலா சித்தியின் குரல் பதிவு வந்தது. வழக்கமான ஊர்க்கதையாக இருக்கும் என்று நினைத்து ஒரு கையால் அழுத்தினாள்.

"பிள்ளை, சித்தி கதைக்கிறன். கொம்மா போன் எடுக்கிறா இல்லை. நான் தந்துவிட்ட வட்டம் ரெண்டும் பழுதாம். கொம்பனிக்காரர் எல்லாத்தையும் திருப்பி எடுக்கினமாம். எனக்கு எப்பவோ ஈமெயில் போட்டிருக்கினம், நான் உதுகளைத் திறந்து பாக்கிறேல்லை. நேற்றுப் பின்னேரம் பார்மசியிலைதான் சொன்னவை. சீனி கூடிக் கிடக்கேக்கை குறைவெண்டு காட்டுதாம். அதை நம்பி ஊசியை விட்ட ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கினமாம். என்ர பெட்டி நம்பரும் அதுக்கை கிடக்கு. அதே பெட்டியிலைதான் உங்களுக்கும் எடுத்தனான். அத்தான்ரையும் உன்ர மாமான்ரையும் உடனை கழட்டிப்போட்டு விரலிலை குத்திப் பாருங்கோ. என்னை ஏசாதை பிள்ளை. இஞ்சை இன்னும் விடியேல்லை, எனக்கு நித்திரை வருகுதில்லை."

தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்ததைப் பிரியந்தினி கவனிக்கவில்லை. அவள் பனங்கட்டிப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிழமையாகத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெரிய துண்டாக.

தாய்க்குப் போன் எடுத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. தவக்கால வெள்ளி. அம்மா சிலுவைப்பாதைக்குப் போயிருப்பார், போன் வீட்டில் கிடக்கும். அப்பா விடியமுதலே கடலுக்குப் போயிருப்பார். உப்புத்தண்ணி பட்டு இரண்டு போன் செத்த பிறகு அவர் போனை வள்ளத்துக்குக் கொண்டுபோவதில்லை. லக்ஷனோ வேலை நேரத்தில் போனை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவான். தாயின் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "அம்மா, அப்பான்ர கையிலை இருக்கிறதை உடனை கழட்டுங்கோ. கேட்ட உடனை எனக்கு அடியுங்கோ."

பிறகு மாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

இலட்சுமி மாமி அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். விரலில் குத்திப் பார்க்கிற பழைய மெசினை, இனி எதற்கு என்று மாமா எறியச் சொன்னதை, சீலைகளுக்குக் கீழே வைத்திருந்தார். "எறிய மனம் வரேல்லை" என்றார். "வா, போவம்."

வழியெல்லாம் மாமி கேட்ட ஒரே கேள்வி, "அவருக்கு என்னெண்டு சொல்லப்போறாய்?" என்பதுதான்.

"பழுதெண்டு மட்டும் சொல்லுவம் மாமி. ஆர் தந்ததெண்டு இப்ப ஏன்?"

கெட்டிக்காரத்தனம் என்று அவள் நினைத்தாள். பாவம்.

வயலில் வெட்டு மெசின் ஊரே அதிரச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மயில்வாகனத்தார் வாய்க்கால் கட்டில் மருதமரத்தின் கீழே குந்தியிருந்தார். வெட்டு நடக்கும்போது மெசினுக்குப் பின்னாலேயே நடந்து, சிந்துகிற கதிரைப் பொறுக்குகிற மனிதர் அவர். இன்று குந்தியிருந்தார். ஒரு போத்தல் வெறுமையாகிப் பக்கத்தில் கிடந்தது.

"மாமா, கையிலை இருக்கிறதைக் கழட்டவேணும். அது பிழையாக் காட்டுதாம். செய்த கொம்பனியே திருப்பி எடுக்குதாம்."

"ஆர் சொன்னது?"

"செய்தி வந்தது மாமா."

"உந்தப் போனிலை வாற செய்தியெல்லாம் நம்புறதெண்டால் நாங்கள் சாப்பிடவும் ஏலாது, தண்ணி குடிக்கவும் ஏலாது." அவர் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். "பழுதெண்டால் அனுப்பினவனுக்கெல்லோ முதல் தெரியும்? செந்தூரன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"மாமா, ஒருக்கா விரலிலை குத்தி..."

"பொறு. அவனையே கேப்பம்."

பிரியந்தினி தடுக்கமுதல் அவர் எண்ணை அழுத்திவிட்டார். மெசின் சத்தத்தில் காது கேட்காதென்று போனை உரத்துப் பேசவிட்டார். லண்டனில் செந்தூரன் அரை நித்திரையில் எடுத்தான்.

"என்ன மாமா, இந்த நேரம்?"

"தம்பி, நீ அனுப்பின சாமான் பழுதெண்டு இவள் பிள்ளை சொல்லுறாள். உண்மையோ?"

லக்ஷனுக்குக் கொடுத்த வாக்கு அந்த அரை நித்திரையிலும் செந்தூரனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பரம்பரை.

"சீச்சீ, அது நல்ல சாமான் மாமா. நானே நேரை போய்ப் பாத்து வாங்கினது. ஆர் சொன்னாலும் கழட்டாதேங்கோ."

"கேட்டியோ?" என்று மயில்வாகனத்தார் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நீ பயந்திட்டாய். போய்ச் சமையலைப் பார் பிள்ளை."

எழும்பப் பார்த்தார். ஒரு கை மரத்தைத் தேடியது. எழும்பாமல் திரும்பவும் இருந்து, இரண்டாவது போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தார். உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவ்வளவு நாளும் இதை வெயில் என்று நினைத்தேனே என்று பிரியந்தினிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இந்த வீட்டில் தனக்கு இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். அது போகலாம். நாளைக்கு அவர் தன் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காமல் விடலாம். ஆனால் அந்த மனிதர் இருந்தால்தானே கோபிக்கவும் முடியும்.

"மாமா, அது செந்தூரன் அண்ணா அனுப்பினதில்லை" என்றாள்.

"என்ன?"

"முள்ளிவாய்க்காலாலை வந்தது. ஆன்சலா சித்தி எங்கட அப்பாவுக்கு ரெண்டு அனுப்பினவ. நீங்கள் விழுந்ததைக் கேட்டு அம்மாதான் ஒண்டை உங்களுக்குத் தந்துவிட்டவ. நீங்கள் வாங்கமாட்டியள் எண்டு நாங்கள் பொய் சொன்னனாங்கள். செந்தூரன் அண்ணாவுக்கு அது பழுதோ நல்லதோ ஒண்டும் தெரியாது. அவர் அதைக் கண்ணாலையும் காணேல்லை."

மயில்வாகனத்தார் அவளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமோ?"

"ஓம்" என்றார் இலட்சுமி மாமி. பிறகு, சொல்லத் தொடங்கிவிட்டோம், மிச்சத்தையும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, "கருவாடும் அங்கை இருந்து வந்ததுதான்" என்றார்.

"எந்தக் கருவாடு?"

"நீங்கள் ருசி ருசி எண்டு ரெண்டு வருசமாச் சாப்பிடுற நெத்தலி. சந்தையிலை வாங்கினதெண்டு நான்தான் சொன்னனான்."

வேறொரு நாளாக இருந்தால் பிரியந்தினி சிரித்திருப்பாள். மாமாவின் முகம் சிரிக்கிற முகமாக இல்லை. அவமானம் அதில் வெளிச்சமாகத் தெரிந்தது. ஊர் முழுக்கச் சேட்டுக் கையை மடித்துக் காட்டிய மனிதர்.

"மாமா, ஏசுறதெண்டால் ஏசுங்கோ. என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. முதல் விரலைத் தாங்கோ" என்றாள்.

அவர் தரவில்லை. அவளே அவருடைய கையைப் பிடித்தாள். மாமனாரின் கையை மருமகள் அப்படி இழுத்துப் பிடித்ததை அந்த வாய்க்கால் கட்டு அதற்குமுன் கண்டிருக்காது. அவர் இழுக்கவில்லை. இழுக்கத் தெம்பும் இருக்கவில்லை. அவள் குத்தினாள். ஒரு துளி இரத்தத்தை மெசின் உறிஞ்சிக்கொண்டது.

அவருடைய சட்டைப் பையில் இருந்த போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அது அறுபத்திநாலு என்றது. பழைய மெசினோ எண்ணே காட்டவில்லை. எண்ணுக்குப் பதிலாக இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வந்து நின்றது.

"இதென்ன, இதுவும் பழுதோ?" என்றார் மாமி.

"இல்லை மாமி. தன்னாலை அளக்கேலாத அளவுக்குச் சீனி கூடிப்போச்செண்டு அர்த்தம்."

மயில்வாகனத்தார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெட்டு மெசினைப் பார்த்தார். "இந்தத் துண்டு முடியட்டும். முடிய ஆஸ்பத்திரிக்குப் போவம்."

இலட்சுமி மாமி இந்த வீட்டில் குரல் உயர்த்திப் பிரியந்தினி கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

"யுத்த நேரம் அவ்வளவு செல்லடிக்குள்ளையும் உங்களை உயிரோடை இழுத்துக்கொண்டு வந்தனான். உந்த நெல்லுக்கு விட்டிட்டுப் போறதுக்கில்லை. எழும்புங்கோ."

அவர் எழும்பினார். சேட்டுக் கையை மடித்து, வட்டத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுவையில் பிடுங்கினார். அதை எறியவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிரியந்தினி போனில் கூப்பிட்ட அயல்வீட்டுத் திலீபனின் ஓட்டோ வயற்பாதை முடிவில் வந்து நின்றது. மாமாவை நடுவில் வைத்து இரண்டு பெண்களும் இருபக்கமும் இருந்தார்கள். ஓட்டோ பரந்தன் சந்தியைத் தாண்டியது. பிரியந்தினி தாயின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

"ரெண்டு அனுப்பினது எண்டனி" என்றார் மயில்வாகனத்தார் திடீரென்று. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். "மற்றது?"

"அப்பான்ர கையிலை."

"அவரும் ஊசியோ?"

"ஓம் மாமா."

"சொல்லியாச்சோ?"

"அம்மா எடுக்கிறா இல்லை. அப்பா கடலிலை."

அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டு மனிதரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்பது பிரியந்தினிக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவளுக்கு உறைத்ததெல்லாம் அப்பாவும் இப்படித்தான் தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பார் என்பதுதான். நடுக்கடலில், எடுத்துக்கொண்டு போன போத்தல் முடிந்த பிறகு என்ன செய்வார் என்று நினைத்தவுடன் அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ திரும்பும்போது அவள் போன் அடித்தது. அம்மா. எடுக்கிற அவசரத்தில் போன் மடியில் விழுந்தது.

மயில்வாகனத்தார் அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"நான் மயில்வாகனம் கதைக்கிறன்."

புனிதமலரின் குரல் ஓட்டோ முழுக்கக் கேட்டது. "ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை பக்கத்திலைதான் இருக்கிறா. அவவுக்கு ஒண்டுமில்லை. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்கள் எனக்குத் தந்துவிட்டது பிழையாக் காட்டுது. நான் இப்ப ஆஸ்பத்திரி வாசலிலை நிக்கிறன். அவரிட்டை இருக்கிறதும் அதுதான். ஆள் கரைக்கு வந்த உடனை கழட்டிப்போட்டு, நேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. வீட்டிலை வச்சு ஒண்டும் பாக்காதேங்கோ."

"அவர் இன்னும் கரைக்கு வரேல்லை" என்றாள் புனிதமலர். "நேற்றிலை இருந்து சத்தி, வயித்துக்கை ஒண்டும் நிக்குதில்லை. போகவேண்டாமெண்டு மறிச்சனான், கேக்கேல்லை. தனியத்தான் போனவர். மற்ற வள்ளமெல்லாம் வந்திட்டுது."

மயில்வாகனத்தார் வெடித்த உதட்டை நாக்கால் தடவினார்.

"கரையிலை நிக்கிற ஆரையேன் வள்ளம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ. இப்பவே. சம்பந்தி வந்த உடனை எனக்குச் சொல்லுங்கோ. இந்தப் போன் என்ர கையிலைதான் இருக்கும்."

சம்பந்தி. அந்தச் சொல் அவர் வாயில் வந்ததைக் கேட்டு இலட்சுமி மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே எல்லாம் விரைவாக நடந்தது. கட்டிலில் கிடத்தினார்கள், இரத்தம் எடுத்தார்கள், வலது கையில் சேலைன் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கதை வேறு என்று இளம் டொக்டர் ஒருவர் பிரியந்தினியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வட்டம் இருந்த இடத்தில், இடது மேற்கையில், சிவந்த அடையாளம் ஒன்று மட்டும் மிச்சம்.

"ஐயா, போனை மகளிட்டைக் குடுத்திட்டுக் கண்ணை மூடிப் படுங்கோ" என்றார் நேர்ஸ்.

"இல்லைப் பிள்ளை. ஒரு ஆள் கடலாலை வரவேணும்."

அவர் போனை நெஞ்சில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டார். பிரியந்தினி கட்டில் விளிம்பில் இருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. பார்க்க வந்த சனம் வந்து போனது. போன் மட்டும் அடிக்கவில்லை.